கலாபகோஸ் கப்பலுக்கு விமான டிக்கெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வெளிநாட்டுப் பயணம் என்றாலே, திருச்சியிலிருந்து என்ன விமானம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அது சரி. ராட்சத ஆமையும் கடல் உடும்பும் பார்க்க கலாபகோஸ் தீவுகளில் சுற்றுலாக் கப்பல் ஏறுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் கப்பல் தேதி, அடுத்து தீவுக்கான விமானம், கடைசியில்தான் திருச்சியா சென்னையா என்ற கேள்வி.

இந்தத் தீவுகள் தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அந்நாட்டின் கீட்டோ அல்லது குவாயகில் நகருக்குப் போய்த்தான் விமானம் மாற வேண்டும். அந்த விமானங்கள் பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என்று இரண்டு இடங்களில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே கடல். சில கப்பல்கள் ஒன்றில் ஏற்றி மற்றதில் இறக்கிவிடும். மலிவாக இருக்கிறதே என்று போகவர ஒரே ஊருக்கு டிக்கெட் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான். எந்த விமானத்தில் வர வேண்டும் என்று கப்பல்காரர்களிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பல நிறுவனங்கள் அந்த டிக்கெட்டைத் தாங்களே போட்டுத் தருவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கப்பல் கிளம்பும் நாளன்றே ஈக்வடாரில் போய் இறங்குவது. ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ள இது வேளாங்கண்ணி பஸ் இல்லை. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகம் முறைப்படுத்தி வைத்திருக்கிறது. அதனால் கப்பல் காத்திருக்காது. மறுநாள் காலை ஆளே குடியில்லாத ஏதோ ஒரு தீவின் பக்கம் நிற்கும். ஈக்வடாரில் ஓர் இரவாவது தங்குங்கள், இரண்டு என்றால் இன்னும் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்களுக்கு இரண்டுதான் என்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. முந்தின வருடம் டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை.

தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் காசு மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால், பொதுவாக அந்த நஷ்டம் நம் தலையில்தான். அப்புறம் தேதி. 15-ஆம் தேதி அதிகாலை 1.30 விமானம் என்றால் 14-ஆம் தேதியே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள்!

அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விசா தேவை. ஈக்வடார் விசா அதற்கு உதவாது. தீவு விமானம் ஏறும் முன் தீவுக்குள் போகத் தேவையான பயணக் கட்டுப்பாட்டு அட்டை வாங்கவும் பைகளைச் சோதனைக்குக் கொடுக்கவும் நேரம் ஒதுக்குங்கள். பழமோ விதையோ உள்ளே விடமாட்டார்கள்.

திரும்பி வருவதை யாரும் யோசிப்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் ஈக்வடார் இருப்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அதற்கென்று ஒரு சென்னைப் பயணம் இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.