200 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குக் கடினமான செட் எழுதுவது எப்படி?

நீச்சல் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கான பதிவு இல்லை இது. நான்கு ஸ்ட்ரோக்கும் டர்னும் பழகி, பள்ளிப் போட்டிகளில் நீந்திவிட்டு, அடுத்து மாநிலம், எம்.எஸ்.எஸ்.எம். (மலேசியப் பள்ளிகளுக்கு இடையிலான தேசியப் போட்டி) என்று ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கிளப்பில் கோச்சுக்குக் கைகொடுக்க நிற்கும் அண்ணன்மார், அக்காமார், அப்பா அம்மாக்களுக்காகத்தான் எழுதுகிறேன். வார்ம் அப்புக்குள் போகவில்லை. 600 மீட்டர் நிதானமாக, பிறகு நான்கு 50 கொஞ்சம் வேகமாக, அவ்வளவு போதும். இங்கே பேச்சு மெயின் செட்டைப் பற்றி மட்டும், அதாவது ஒரு தூரத்தைக் குறித்த வேகத்தில், குறித்த ஓய்வு விட்டுத் திரும்பத் திரும்ப நீந்தும் முக்கியப் பகுதி.

செட் கஷ்டமாக இருக்க வேண்டும் என்றால் நம்மவர்கள் உடனே தூரத்தைக் கூட்டிவிடுவார்கள். "இன்னிக்கு அஞ்சு கிலோமீட்டர் போட்டான்" என்று சொல்லும் அப்பாவைக் கோலாலம்பூரில் எந்தக் குளத்தடியிலும் பார்க்கலாம். என்ன வேகத்தில், எவ்வளவு ஓய்வு விட்டு என்று கேட்டால் பதில் வராது. அந்த இரண்டும் தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் என்பது வெறும் ஈரம்.

படி 1: எந்தப் போட்டி?

ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 200 ஃப்ரீஸ்டைலை வைத்துச் சொல்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் போட்டி என்பதால் உடலுக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் ஆக்ஸிஜன் வழியாகத்தான் வரும். அதே சமயம் கடைசி 50இல் கைகால் எரியவும் செய்யும். அதனால் இரண்டு வகை செட்டும் வேண்டும்.

படி 2: சோதனை

ஒரே நாளில் 400 மீட்டர் ஒன்று, 200 மீட்டர் ஒன்று. இரண்டும் முழு மூச்சாக. டைவ் வேண்டாம், சுவரை உதைத்துக் கிளம்பட்டும். நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் லேசாக நீந்தி இளைப்பாறட்டும். 400இன் நேரத்தில் 200இன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைப்பது, 100 மீட்டருக்கான கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீடு. சுருக்கமாக சி.எஸ்.எஸ். மூச்சு கட்டுமீறிப் போகாமல் தொடர்ந்து தாங்கக்கூடிய வேகத்துக்கு இது ஒரு நல்ல மதிப்பீடு.

ஒரு பிள்ளை 400ஐ 5:40இல், 200ஐ 2:40இல் முடிக்கிறாள் என்று வைப்போம். வித்தியாசம் 3:00. பாதி 1:30. அதுதான் அவளுடைய சி.எஸ்.எஸ்.

கணக்கு முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு உண்டு, விட்டுவிடாதீர்கள். சி.எஸ்.எஸ். எப்போதும் 400இன் சராசரி வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் வர வேண்டும். இவளுடைய 400இன் சராசரி 1:25, சி.எஸ்.எஸ். 1:30, ஆகவே சரி. இதே பிள்ளை 200ஐ 2:52இல் நீந்தியிருந்தால் விடை 1:24 என்று வரும். பார்க்க அழகான எண்தான், ஆனால் பொய். 200ஐ ஏனோதானோ என்று நீந்தியிருக்கிறாள் என்று அர்த்தம். கழிக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும், அதாவது சோம்பேறித்தனம் வேகமாகத் தெரியும். இன்னொரு நாள் 200ஐ மட்டும் திரும்ப எடுங்கள்.

படி 3: இன்டர்வல் (எல்லாரும் தடுக்கி விழும் இடம்)

இன்டர்வல் என்பது ஓய்வு நேரம் இல்லை. நீந்தும் நேரமும் ஓய்வும் சேர்ந்தது. "1:45 இன்டர்வல்" என்றால் ஒரு கிளம்பலுக்கும் அடுத்த கிளம்பலுக்கும் நடுவே 1:45. அவள் 1:30இல் வந்தால் ஓய்வு 15 விநாடி. 1:35இல் வந்தால் 10தான். மெதுவாக வந்ததற்குத் தண்டனை செட்டுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் விசில் ஊதிக் கத்த வேண்டாம்.

முதல் செட்: 10 × 100, 1:45 இன்டர்வல், ஒவ்வொன்றும் 1:30.

இன்டர்வலை ஐந்தின் மடங்காக வையுங்கள். காரணம், சுவரில் இருக்கும் பேஸ் கிளாக், அதாவது நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும் விநாடி முள்ளுள்ள பெரிய கடிகாரம். சிவப்பு முள் உச்சியில் இருக்கும்போது முதல் ஆள் கிளம்பினால், 1:45 இன்டர்வலில் அடுத்த கிளம்பல்கள் 45, 30, 15, மறுபடி உச்சி. நான்கே இடம். மூச்சு வாங்கும்போதுகூடப் பிள்ளைகளுக்கு மறக்காது. 1:43 என்று போட்டுப் பாருங்கள், மூன்றாவது 100இலேயே லேன் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சிக்கல் வருவது இரண்டாவது ஆளிலிருந்து. ஐந்து விநாடி இடைவெளியில் கிளம்பும் லேனில் ஐந்தாவது பிள்ளை முள் 20இல் இருக்கும்போதுதான் கிளம்புகிறான். அவன் சுவரைத் தொடும்போது முள் 50இல் நிற்கும். மூக்குக் கண்ணாடிபோலப் பனி படிந்த காகிள்ஸைத் தூக்கிவிட்டு, "கோச், 1:50!" என்பான், அழாத குறையாக. அவன் நீந்தியது 1:30. முன்னால் போனவனின் கிளம்பலிலிருந்து எண்ணியிருக்கிறான்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி, பிள்ளைகளிடம் நேரம் கேட்பதையே விட்டுவிடுவது. "உன் அடுத்த கிளம்பலுக்கு 15 விநாடி முன்னால் தொட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். 50இல் தொட்டான், அடுத்து 05இல் கிளம்ப வேண்டும், நடுவில் 15. முடிந்தது கணக்கு. கழித்தல் தெரியாத பிள்ளை இல்லை. நாடி 170இல் அடிக்கும்போது யாருக்கும் கழித்தல் வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று, முடிக்கும்போது முன்னால் வந்தவர்கள் மூலைக்கு ஒதுங்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் சுவரைத் தொடாமல் ஒரு மீட்டர் முன்பே நின்றுவிடுவார்கள். பத்துத் தடவை அப்படி நின்றால் போட்டியிலும் கை அப்படித்தான் பழகியிருக்கும்.

வேகம் வேறுபடும் பிள்ளைகளை என்ன செய்வது? 1:40 சி.எஸ்.எஸ். உள்ளவனை 1:45 லேனில் போட்டால் ஓய்வு 5 விநாடிதான், நான்காவது 100இல் கழன்றுவிடுவான். 1:25காரனுக்கு அதே லேனில் 20 விநாடி, அரட்டைக்கு நேரம். எனவே லேனுக்கு ஒரு இன்டர்வல் வையுங்கள். ஒரு லேன் 1:45இல் 10, பக்கத்து லேன் 1:55இல் 9. முதல் லேனுக்கு மொத்தம் 17:30, அடுத்ததற்கு 17:15. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக முடியும், யாரும் குளிரில் நின்று காத்திருக்க மாட்டார்கள். (குளிரா, நம் ஊரிலா என்று கேட்காதீர்கள். மழை பெய்த மாலையில் நின்று பாருங்கள்.)

படி 4: முறுக்கு, ஆனால் ஒன்றை மட்டும்

10 × 100ஐ நேரம் தவறாமல் முடித்துவிட்டாளா? இனி மூன்று வழி உண்டு: இன்டர்வலில் 5 விநாடி குறைக்கலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டலாம். ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உடைத்தது என்று தெரியாது.

எனக்குப் பிடித்தது இது: 4 × 100 @ 1:50, 4 × 100 @ 1:45, 4 × 100 @ 1:40. நடுவில் தனி ஓய்வு கிடையாது, பன்னிரண்டும் 1:30. வேகம் மாறவே இல்லை, ஓய்வு மட்டும் 20, 15, 10 என்று சுருங்குகிறது. 21 நிமிடத்தில் முடிந்துவிடும். தாளில் பார்த்தால் சாதுவான செட். ஒன்பதாவது 100இல்தான் பல்லைக் காட்டும்.

படி 5: போட்டி வேகம்

அவளுடைய இலக்கு 2:36 என்றால் 50 மீட்டருக்கு 39 விநாடி. 16 × 50, 1:00 இன்டர்வல், ஒவ்வொன்றும் 39க்குள். ஒன்று தவறினால் அடுத்ததை விட்டுவிட்டு ஓய்வெடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தவறினாலோ, மொத்தம் மூன்று தவறினாலோ செட் அத்துடன் முடிந்தது. இந்த விதி அமெரிக்காவில் பிரென்ட் ரஷால் என்ற விளையாட்டு ஆய்வாளர் வகுத்த யு.எஸ்.ஆர்.பி.டி. (குட்டைத் தூரங்களைப் போட்டி வேகத்திலேயே நீந்தும்) முறையிலிருந்து வருகிறது. அந்த முறையை முழுசாக ஏற்காத கோச்சுகள் நிறைய உண்டு. நானும் வாரம் முழுக்க அதையே போடச் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றால் நிறுத்து என்ற விதி அருமையானது. 42 விநாடியில் தள்ளாடி முடிக்கும் 50 எதையும் கற்றுத்தராது, கெட்ட ஸ்ட்ரோக்கைத் தவிர.

அப்பா அம்மாக்களுக்கு இதுதான் ஜீரணமாகாது. "பாதியில ஏன் ஏறிட்டா?" என்பார்கள். எத்தனையாவதில் நின்றாள் என்பதுதான் மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போன வாரம் 9, இந்த வாரம் 11 என்றால் வெற்றி.

போட்டிக்கு முன் ஒரு தடவை உடைத்த 200 போடலாம். 4 × 50, நடுவில் பத்துப் பத்து விநாடி. மொத்தத்தில் 30ஐக் கழியுங்கள். கடிகாரம் 3:04 காட்டினால் 2:34. பிள்ளைக்கு நம்பிக்கை வர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

கருவிகள்

பேஸ் கிளாக் இருக்கும் குளத்தில் வேறு எதுவும் வாங்காதீர்கள். இல்லாத இடத்தில் ஃபினிஸ் டெம்போ டிரெய்னர் நல்லது. இரண்டாவது மோடில் வைத்து 1:45 கொடுத்தால் அதுவே பீப் அடிக்கும், தொப்பிக்குள் செருகிக்கொள்ளலாம். ஸ்மார்ட் வாட்ச்சை மெயின் செட்டில் நான் அனுமதிப்பதில்லை. சுவரைத் தொடும் கையால் பட்டனை அமுக்கப் போய் ஃபினிஷ் கெட்டுவிடும். வெள்ளைப் பலகையும் வேண்டாம், ஒரு தூறலில் செட்டே கரைந்தோடிவிடும். பென்சிலால் தாளில் எழுதி ஜிப் பையில் போட்டு, தண்ணீரில் நனைத்து சுவரில் ஒட்டினால் நிற்கும்.

மழையும் வெயிலும்

கோலாலம்பூரில் மாலைப் பயிற்சி என்றாலே இடி. இடி கேட்டால் எல்லாரும் மேலே வர வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்கக் கூடாது. அதனால் மெயின் செட்டை முன்னால் வைத்து, கிக் (காலடி மட்டும்), டிரில் (ஸ்ட்ரோக் திருத்தும் பயிற்சி) எல்லாவற்றையும் பின்னால் தள்ளுங்கள். வெயிலும் கணக்கில் வர வேண்டும். போட்டிக்கான தண்ணீர் 25 முதல் 28 டிகிரிதான். நம் திறந்தவெளிக் குளங்கள் மத்தியானத்தில் அதைத் தாண்டிச் சுடும். அந்த நேரத்தில் 10 × 100 வேண்டாம், படி 5 போன்ற குட்டை செட் போடுங்கள். லேன் முனையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பிற்சேர்க்கை 1: பினாங்கிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: 25 மீட்டர் குளத்தில் சோதனை செய்துவிட்டு, புக்கிட் ஜாலில் தேசிய நீச்சல் மையத்தில் 50 மீட்டரில் பயிற்சி செய்தபோது பிள்ளையால் ஒரு 100கூட நேரத்துக்கு முடிக்க முடியவில்லையாம். பிள்ளை மேல் தப்பில்லை, அக்கா. 25 மீட்டரில் 100க்கு மூன்று டர்ன், 50இல் ஒன்றுதான். சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் அங்கே இல்லை. எந்தக் குளத்தில் செட்டோ அதே குளத்தில் சோதனை. காண்டோ (அடுக்குமாடி வீட்டு) குளம் என்றால் முதலில் டேப் வைத்து நீளத்தை அளந்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் நீந்துகிறவர்களுக்கு இந்த 10 × 100 அப்படியே ஒத்துவராது, முழங்கால் தாங்காது. அவர்களுக்குப் படி 3ஐ ஃப்ரீஸ்டைலிலும் படி 5ஐ மட்டும் அவர்கள் ஸ்ட்ரோக்கிலும் போடுங்கள். பத்து வயதுக்குக் கீழே சி.எஸ்.எஸ். எல்லாம் எதற்கு? 25 மீட்டருக்கு எத்தனை கை என்று எண்ணச் சொல்லுங்கள், போதும்.

பிற்சேர்க்கை 3: தீபாவளிக்கு ஈப்போ, சுங்கை பட்டாணி என்று ஊருக்குப் போய்ப் பத்து நாள் தண்ணீரே தொடாத பிள்ளைகளை என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். முதல் வாரம் வேகம் அதேதான், இன்டர்வலை மட்டும் 1:50 ஆக்குங்கள், எண்ணிக்கை 6. அடுத்த வாரம் 1:50இல் 10. அதுவும் சரியாக வந்தால் பழைய 1:45. சோதனையை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.