பழைய கட்டடத்தைப் படங்களால் அளப்பது எப்படி

கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எங்கே மரம் மறைக்கிறது, எந்த மூலையில் பின்னால் நகர இடமில்லை என்பதையெல்லாம் ஒரு தாளில் கையால் வரைந்துகொள்ளுங்கள். இதற்கே நான் அரை நாள் செலவிட்டதுண்டு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

படங்களைக் கொண்டே அளக்கும் இந்தப் போட்டோகிராமெட்ரி முறையின் அடிப்படை எளிது. சுவரில் உள்ள ஒரு புள்ளி, வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்த படங்களில் தெரிய வேண்டும். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கி ஒரு கோடு போட்டால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அதன் முப்பரிமாண இருப்பிடம். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கால் நகர வேண்டும். நின்ற இடத்திலேயே கேமராவைச் சுழற்றி ஐம்பது படம் எடுத்தாலும் ஆழம் கிடைக்காது.

இந்த முறை பிறந்ததே பழைய கட்டடத்துக்காகத்தான். 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் என்ற இளைஞர் உயரத்திலிருந்து விழப்பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதில் படத்திலேயே அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. 1885-இல் பெர்லினில் இந்த வேலைக்கென்றே அவர் தலைமையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். சுவர் வரையிலான தூரத்தை, கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் பிக்சல் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். 36 மி.மீ. அகலச் சென்சாரில் 6,000 பிக்சல் இருந்தால் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸ் போட்டு 10 மீட்டர் தள்ளி நின்றால் சுவரில் 2.5 மி.மீ. சுவரின் பொது வடிவத்துக்கு இது தாராளம். மெல்லிய விரிசலையோ உளித் தடத்தையோ பதிவு செய்ய வேண்டுமானால் இன்னும் நெருங்கித்தான் ஆக வேண்டும்.

அதே 10 மீட்டரில் ஒரு படம் சுவரில் 15 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்றால், 3 மீட்டருக்கு ஒரு படம். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் 60 சதவீதம் போதும். மூலை திரும்பும்போது அவசரம் கூடாது. 10, 15 பாகைக்கு ஒரு படமாக வளைந்து நடங்கள். மூலையில் படங்களைக் கஞ்சத்தனமாக எடுத்தால் இரண்டு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும்.

கேமராவில் எல்லாமே மேனுவல்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, லென்ஸ் துளை எஃப் 8, கேமரா மெருகேற்றாமல் பதியும் ரா கோப்பு. ஜூம் நகராதபடி டேப் ஒட்டுங்கள், பட நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். மேகம் மூடிய நாளே நல்ல நாள்.

எனக்கு மனம் பதறிய இடத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய 40 மீட்டர் நீளமுள்ள ஒரு நேர்ச்சுவரை, அதற்கு நேரெதிரே நின்று வரிசையாக எடுத்து முடித்தேன். படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கும் மென்பொருள் காட்டிய பிழை ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஆனால் மாதிரியில் சுவரின் நடுப்பகுதி 6 சென்டிமீட்டர் வெளியே உப்பியிருந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன். சுவரில் குறை ஒன்றுமில்லை. லென்ஸ் படத்தில் உண்டாக்கும் வளைவைச் சுவரின் வளைவாக மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரியை அப்படியே கொடுத்திருந்தால், உறுதியாக நிற்கும் ஒரு சுவரைப் பிதுங்குகிறது என்று யாராவது பிரித்துக் கட்டத் தொடங்கியிருக்கலாம்.

அதிலிருந்து நேர்ப்படங்களோடு நிறுத்துவதில்லை. இடமும் வலமுமாக 20, 30 பாகை சாய்த்து ஒவ்வொரு வரிசை எடுப்பேன். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பியும் சில படங்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் இருப்பிடத்தை அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சுவர் முழுக்கப் பரவலாக வைக்கிறேன். அவற்றில் நாலைந்தை மென்பொருளுக்குக் கொடுக்காமல் தனியே வைத்திருந்து, கடைசியில் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் நம்புவது அந்த ஒப்பீட்டை மட்டும்தான். டோட்டல் ஸ்டேஷன் இல்லாவிட்டால், நீளம் துல்லியமாகத் தெரிந்த அளவுக்கோல்கள் இரண்டு மூன்றையாவது படத்தில் விழும்படி வையுங்கள். எக்காரணம் கொண்டும் பழைய பூச்சின்மேலோ ஓவியத்தின்மேலோ எதையும் ஒட்டாதீர்கள். கல்லின் கூர்முனை, ஆணித்தலை போன்றவையே நல்ல புள்ளிகள்.

கணினி வேலைக்கு மெட்டாஷேப், ரியாலிட்டி ஸ்கேன் (முன்பு ரியாலிட்டி கேப்சர்) ஆகிய மென்பொருள்கள் இருக்கின்றன. முழுக்க இலவசமாக வேண்டுமென்றால் மெஷ்ரூம், கோல்மேப். படிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: படங்களைப் பொருத்துதல், அடர்ந்த புள்ளித்திரள், புள்ளிகளை இணைக்கும் வலை போன்ற மெஷ், அதன்மேல் படங்களின் நிறத்தைப் போர்த்தும் மேல்தோல். கண்ணாடி, பளபளப்பான கல், வெறும் வெள்ளைச் சுவர் ஆகிய இடங்களில் ஓட்டை விழும். ஓட்டையைத் தானாக அடைக்கும் வசதியை நான் அணைத்துவிடுவேன். அங்கே எனக்குத் தரவு கிடைக்கவில்லை என்பதும் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான்.

மாதிரி வந்ததும் படங்களை அழித்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. 2001-இல் ஆப்கானிஸ்தானில் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகளில் பெரியதைச் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு கணினியில் மீட்டெடுத்தபோது, மிக நுணுக்கமான மாதிரியைத் தந்தவை ராபர்ட் கோஸ்ட்கா 1970-இல் எடுத்த அளவீட்டுப் படங்கள். அவர் படம் எடுத்த காலத்தில் இந்த மென்பொருள் எதுவும் கிடையாது. இன்றைய மாதிரி என்பது இன்றைய மென்பொருள் உங்கள் படங்களைப் படித்த விதம். நாளைக்கு வேறொன்று இன்னும் நன்றாகப் படிக்கும்.

அதனால் ரா கோப்புகள் அத்தனையும், புள்ளிகளின் அளவுகளை எளிய உரைக் கோப்பாகவும், கேமரா, லென்ஸ், தேதி விவரங்களையும், ஒப்பீட்டில் கிடைத்த பிழையையும் ஒரே கோப்புறையில் போட்டு, இரண்டு வேறு இடங்களில் பிரதி வையுங்கள். முதல் நாள் கையால் வரைந்த அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் சேருங்கள். எங்கே மரம் மறைத்தது, எங்கே இடம் போதவில்லை என்று பின்னால் வருகிறவருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.