காய்ந்துபோன கறுப்பு மை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரை மே மாதம் முழுக்க யாரும் தொடவில்லை. பள்ளி திறந்ததும் மகளுக்கு ஒரு விண்ணப்பம் அச்சிட்டால், கறுப்பு எழுத்துகளுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். கலர் மட்டும் நன்றாக வந்தது. மை தீரவில்லை, கார்ட்ரிட்ஜ் கையில் கனமாகவே இருந்தது.

மெனுவில் இருக்கும் ஹெட் கிளீனிங்கை (மை வரும் துளைகளை பிரிண்டரே சுத்தம் செய்யும் வசதி) 2 முறை ஓட்டினேன். பெரிய மாற்றம் இல்லை. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் மை வீணாகும்.

என்னுடையதில் மை தெளிக்கும் நுண்துளைகள் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கின்றன. கறுப்பு மை பெரும்பாலும் நுண்ணிய துகள்கள் கொண்ட பிக்மென்ட் வகை. சும்மா கிடந்தால் துளையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, துளைப்பக்கம் மட்டும் நனையும்படி சாஸரில் 5 நிமிடம் வைத்தேன். (எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அது வேண்டவே வேண்டாம்.) மை புகைபோலத் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. அப்புறம் டிஷ்யூ பேப்பரில் மெதுவாக ஒற்றினேன், தேய்க்கக் கூடாது. மூன்றாவது ஒற்றலில் பட்டையாக ஒரு கறுப்புக் கோடு பதிந்தது.

மாட்டியதும் 'கார்ட்ரிட்ஜ் பிரச்சினை' என்று திரையில் வந்தது. செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் ஈரம் இருந்தது. பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, 10 நிமிடம் உலரவிட்டு மாட்டினேன். சரியாகிவிட்டது.

இப்போது ஞாயிறுதோறும் கறுப்பும் கலரும் கலந்து ஒரு பக்கமாவது அச்சிட்டுவிடுகிறேன்.