ஒகேனக்கலுக்கு ஆட்களை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலும் பென்னாகரத்திலும் இப்போது இளைஞர்கள் பலர் வேன் வைத்துக்கொண்டு, சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களிலிருந்து வருவோரை ஒகேனக்கலுக்கு அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அது நம் மாவட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. வண்டி நேரத்துக்கு வர வேண்டும், ஓட்டுநர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பனவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆற்றின் நிலையை மறைத்து முன்பணம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரமூட்டும் தவறு இதுதான். ஒரே விளம்பரத்தில் ஒரு பக்கம் ஐந்தருவியே தெரியாத அளவுக்குக் கரைபுரளும் வெள்ளம், மறுபக்கம் பாறைச் சுவர்களுக்கு நடுவே அமைதியாகச் செல்லும் பரிசல். இந்த இரண்டையும் ஒரே நாளில் யாராலும் காட்ட முடியாது.

கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறக்கப்படும் நீரும் வழியில் பெய்யும் மழையும் சேர்ந்துதான் ஒகேனக்கலின் நீர்வரத்து. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் வந்தபோது வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வந்தது. அத்தகைய நாட்களில் அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். கோடையிலோ நீர் மெலிந்து பாறைகள்தான் தெரியும். அணையில் திறந்த நீர் நம்மை வந்தடையக் கணிசமான நேரம் ஆகிறது. தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரின் அளவு நாள்தோறும் செய்தியாக வருகிறது. ஆகவே நாளைய ஆறு எப்படி இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இன்றே பெரும்பாலும் தெரியும்.

ஒரு ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றைப் பரிசல் துறையருகே பார்த்தேன். முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஒருவர் வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். தடை முந்தைய நாள் மாலையே அறிவிக்கப்பட்டிருந்தது. அழைத்துவந்த இளைஞருக்கும் அது தெரியும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற அச்சத்தில் சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்த மூதாட்டியின் மகன் கோபப்படவில்லை. “தண்ணி வந்தா யாரு என்ன பண்ண முடியும் தம்பி? நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவ இவ்வளவு தூரம் அலைக்கழிச்சிருக்க மாட்டோமே” என்று மட்டும் சொன்னார். அதன்பின் மீனும் ருசிக்கவில்லை, அறையும் பிடிக்கவில்லை. எல்லாமே குறையாகத் தெரிந்தது.

வாடிக்கையாளரின் மனநிறைவு, கிடைத்த பொருளின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது என்று நுகர்வோர் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விளக்குகிறது. நம் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. வெள்ளத்தைப் பார்க்கத்தான் போகிறோம், இறங்க முடியாது என்று தெரிந்து வந்தவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அந்தச் செந்நீரின் இரைச்சலைக் கேட்டே நிறைவோடு திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதே வெள்ளம், பரிசல் ஆசையோடு வந்தவருக்கு ஏமாற்றம்.

ஆகவே முன்பணம் வாங்கும்போதே, தடை இருந்தால் என்ன செய்வோம், எவ்வளவு திருப்பித் தருவோம் என்பதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அந்தந்த மாதத்தில் எடுத்த படத்தையே காட்டுங்கள். புறப்படுவதற்கு முந்தைய மாலை நீங்களே அழைத்து ஆற்றின் நிலையைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாற்றுத் திட்டமும் கையில் இருக்க வேண்டும்: முதலைப் பண்ணை இருக்கிறது, அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயிலும், பழைய ஓவியங்கள் கொண்ட சென்றாயப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. ஒரு பயணத்தின் பணம் போனால் அடுத்த மாதம் ஈட்டிக்கொள்ளலாம். ஏமாந்த குடும்பம் தன் தெரு முழுக்கச் சொல்லும் கதையை எதைக் கொண்டும் திருத்த முடியாது.

பரிசல் கட்டணத்தைத் துறையில் போய்ச் சொல்வது

சொன்ன தொகையில் எது அடங்கும், எது அடங்காது என்பதை வண்டி ஏறும் முன்பே சொல்லுங்கள்.

மீன் சாப்பாட்டைக் கடைசியில் நினைப்பது

மீனை வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் மசாலா தடவி வறுத்தும் குழம்பு வைத்தும் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போய் மீனைக் கொடுத்துவிட்டுப் பசியோடு நிற்கும் குழந்தைகளைப் பார்க்கச் சகிக்காது. எண்ணெய்க் குளியலுக்கோ பரிசலுக்கோ போகும் முன்பே மீனையும் அரிசியையும் ஒப்படைத்துவிட்டால், திரும்பும்போது சோறு சூடாக இருக்கும்.

ஒரே நாளில் ஐந்து இடங்கள்

வேண்டாம். ஒகேனக்கலையும் கிருஷ்ணகிரி அணையையும் தீர்த்தமலையையும் ஒரே நாளில் அடைத்தால் அவர்கள் பார்ப்பது வண்டியின் சன்னலைத்தான்.

திரும்பும் வழியை அலட்சியப்படுத்துவது

உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி குளிர்நீரில் 60 வினாடி கையை வைத்திருப்பதைவிட, அதற்குப் பின் குளிர் சற்றே குறையும் நீரில் மேலும் 30 வினாடி வைத்திருப்பதையே மீண்டும் செய்யப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர். மொத்த வலி கூடுதல்தான், ஆனால் முடிவில் அது சற்றுத் தணிந்திருந்தது. பயணமும் அப்படித்தான், முடிந்த விதமே நினைவில் தங்கும். நம் இளைஞர்களோ மாலையானதும் அவசரப்படுத்தி, பென்னாகரம் சாலையின் வளைவுகளில் விரட்டி, தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே இருட்டில் இறக்கிவிடுகிறார்கள். வழியில் சுத்தமான கழிப்பறை உள்ள கடையில் தேநீருக்கு நிறுத்துங்கள். ஊருக்குப் பேருந்து ஏறும்வரை உடன் நில்லுங்கள்.

மாம்பழம்

கிருஷ்ணகிரி மாம்பழம் கோடைக்குரியது. ஐப்பசியில் வருபவரிடம் மாந்தோப்பைக் காட்டுவதாகச் சொல்லாதீர்கள்.