ஜெர்மனிக்கு படிக்க கிளம்புறீங்களா? விசாவையும் வீட்டையும் ஒண்ணா வச்சு பாருங்க

வருஷா வருஷம் செப்டம்பர் பொறந்தா எனக்கு ஊர்ல இருந்து போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணே விசா வந்துடுச்சு, இருவத்தஞ்சாம் தேதி டிக்கெட், தங்குறதுக்கு ஒரு ரூம் மட்டும் பாத்து குடுங்கண்ணே"ன்னு. கேக்கும்போதே மனசு பதறும். ஏன்னா விண்டர் செமஸ்டர் அக்டோபர்ல தொடங்குது, மொத்த ஜெர்மனியும் அந்த ரெண்டு மூணு வாரத்துலதான் ரூம் தேடுது, ஜெர்மன் பசங்களே கிடைக்காம பிரண்டு வீட்டு சோபால படுத்துக்கிட்டு இருப்பாங்க.

விசா ஒரு வேலை, அது முடிஞ்சப்புறம் வீடு இன்னொரு வேலைன்னு பிரிச்சு வச்சுக்குறதுதான் பிரச்சனையே. ஊர்ல பாஸ்போர்ட்டுல ஒட்டிக் குடுக்குற விசா பெரும்பாலும் 3 மாசம், இல்லன்னா 6 மாசத்துக்குத்தான் இருக்கும். அது முடியுறதுக்குள்ள இங்க ரெசிடன்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அதுக்கு உங்க அட்ரஸ் டவுன் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கணும், அந்த பதிவுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஒரு தாள் வேணும். அதாவது நீங்க எடுக்குற ரூம் சரியில்லன்னா உங்க விசாவே ஆட்டம் காணும். அதனால அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே வீடு தேட ஆரம்பிங்க, விசாவுக்கு காத்திருக்காதீங்க.

முதல்ல ஊர்ல முடிக்க வேண்டியத சொல்லிடுறேன். இந்தியாவுல படிச்சவங்களுக்கு 2022 நவம்பர்ல இருந்து ஏபிஎஸ் சர்டிபிகேட் கட்டாயம், பீஸ் 18,000 ரூபா. உங்க மார்க் ஷீட், டிகிரி எல்லாம் நெசந்தானான்னு சரிபாத்து குடுக்குறது இது. இது இல்லாம விசா அப்ளிகேஷன் நகராது, நெறைய யூனிவர்சிட்டி அட்மிஷனுக்கே இத கேக்குது, அதனால எல்லாத்துக்கும் முன்னாடி இதுக்கு அப்ளை பண்ணிடுங்க, வாரக்கணக்குல ஆகும்.

இதுல நம்ம பசங்க மாட்டுற இடம் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல எஸ். கார்த்திக்னு இருக்கும், டிகிரில கார்த்திக் எஸ்னு இருக்கும், பாஸ்போர்ட்ல கிவன் நேம் கார்த்திக், சர்நேம் சுந்தரம்னு இருக்கும். நமக்கு பாத்தவுடனே ஒரே ஆள்னு தெரியும், ஜெர்மன்காரங்களுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா மொதல்ல அத சரி பண்ணிக்கிட்டு அப்புறம் மத்த வேலைய தொடங்குங்க. மார்க் ஷீட்ல பேரு வேற மாதிரி இருந்தா ரெண்டு பேருலயும் இருக்குறது ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கி பைல்ல வைங்க. பிளாக்டு அக்கவுன்ட் (செலவு பணத்த மொத்தமா போட்டு, மாசாமாசம் மட்டும் எடுக்குற அக்கவுன்ட்), இன்சூரன்ஸ், விசா ஃபாரம் எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து ஒரே பேரு. இதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு பின்னாடி சொல்றேன், சம்பந்தம் இருக்கு.

அடுத்தது பணம். ஒரு வருஷ செலவுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுன்ட்ல போட்டு காட்டணும், 2024 செப்டம்பர்ல இருந்து இந்த தொகை. அங்க போனதும் மாசம் 992 யூரோ வீதம் உங்க கரன்ட் அக்கவுன்ட்டுக்கு வரும். வீட்டுல பெரியவங்க எல்லாம் "அதான் பத்து லட்சத்துக்கு மேல கட்டியாச்சே, அங்க போனா செலவுக்கு வந்துடும்"னு நிம்மதியா இருப்பாங்க. ஆனா முதல் மாச கணக்க போட்டு பாருங்க. ஹீட்டிங் எல்லாம் சேத்து வாடகை 380 யூரோன்னு வைங்க, அட்வான்ஸ்ல முதல் தவணை 300, ஹெல்த் இன்சூரன்ஸ் கிட்டத்தட்ட 145. இதுலயே 825 போயிடுச்சு, மிச்சம் 167 யூரோவுல ஒரு மாசம் சாப்பிடணும், தலகாணி போர்வை வாங்கணும், செமஸ்டர் ஃபீஸ் வேற தனி. அது போக அந்த 992 வர்றதுக்கே இங்க பேங்க் அக்கவுன்ட் திறந்து பிளாக்டு அக்கவுன்ட் வச்சிருக்குற கம்பெனிக்கு விவரம் அனுப்பி கொஞ்ச நாள் ஆகும். அதனால பிளாக்டு அக்கவுன்ட் தவிர கைல 1,500ல இருந்து 2,000 யூரோ வரைக்கும் தனியா எடுத்துட்டு வாங்க. லோன் போடுறவங்க இந்த தொகையையும் சேத்து லோன் கேளுங்க, வந்தப்புறம் அப்பாவுக்கு போன் போட்டு கேக்குறது ரெண்டு பக்கமும் வேதனை.

விசா அப்ளிகேஷன் இப்ப ஆன்லைன் போர்ட்டல்ல போடுறது, அப்புறம் அப்பாயின்ட்மென்ட்டுக்கு போய் கைரேகை, ஒரிஜினல் எல்லாம் காட்டணும். பீஸ் 75 யூரோ, ரூபாயில கட்டணும். ஒரு விஷயம் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, முன்னாடியெல்லாம் ரிஜக்ட் ஆனா ரெமான்ஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருந்துச்சு, கூட ரெண்டு பேப்பர் வச்சு மறுபடி பாருங்கன்னு இலவசமா எழுதிப் போடலாம், 2025 ஜூலை 1ல இருந்து அத எடுத்துட்டாங்க. இப்ப ரிஜக்ட் ஆனா திரும்ப முதல்ல இருந்து அப்ளை பண்ணணும், இல்ல பெர்லின்ல கோர்ட்டுக்கு போகணும். அதனால ஏன் இந்த கோர்ஸ், ஏன் இந்த ஊருன்னு எழுதுற லெட்டர தயவுசெஞ்சு அடுத்தவங்க பைல்ல இருந்து காப்பி அடிக்காதீங்க, உங்க கதைய நீங்களே எழுதுங்க. அப்புறம் டூரிஸ்ட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு யாராச்சும் ஏஜென்ட் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது நடக்காது, திரும்பி வந்துதான் மறுபடி போடணும்.

இனி வீடு. அட்மிஷன் வந்த அன்னைக்கே அந்த ஊரு ஷ்டுடீரெண்டன்வெர்க் (ஸ்டூடன்ட்டுகளுக்கு ஹாஸ்டல் நடத்துற அமைப்பு) வெப்சைட்ல ஹாஸ்டல் ரூமுக்கு பேர் குடுத்துடுங்க, ஜெர்மனில ஸ்டூடன்ட்டுக்கு இருக்குறதுலயே இதுதான் மலிவு, நம்பகமும் கூட. லைன் நீளம், நெறைய ஊர்ல ஒரு செமஸ்டர் ரெண்டு செமஸ்டர்னு காத்திருக்கணும், இருந்தாலும் பேர் குடுத்து வைங்க, இடையில கூப்பிடுவாங்க. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் மாதிரி கிழக்குப் பக்கத்து ஊர்னா ரூம் சீக்கிரம் கிடைக்கும், வாடகையும் கம்மி. முனிச்ல ஒரு ரூமே 700, 800 யூரோ கேப்பாங்க, 992ல அது எப்படி பத்தும்னு யூனிவர்சிட்டி செலக்ட் பண்றப்பவே யோசிங்க.

ஹாஸ்டல் இல்லன்னா வேகேதான். நாலஞ்சு பேர் சேந்து ஒரு வீட்ட எடுத்து ஆளுக்கு ஒரு ரூம், கிச்சன் பாத்ரூம் பொது. வேகே கெசூக்ட் சைட்லதான் எல்லாரும் தேடுவாங்க. அங்க ஒரே மெசேஜ காப்பி பண்ணி ஐம்பது பேருக்கு அனுப்புனா ஒருத்தரும் திரும்பி பாக்க மாட்டாங்க. அவங்க போட்டிருக்குறத முழுசா படிச்சு, அதுல ஒரு விஷயத்த எடுத்து நாலு வரி ஜெர்மன்ல எழுதுங்க, என்ன படிக்கிறீங்க, எப்ப வருவீங்க, சமைப்பீங்களா, சுத்தமா இருப்பீங்களான்னு. பிடிச்சா வீடியோ கால் கூப்பிடுவாங்க. அவங்க தேடுறது வாடகை குடுக்குற ஆள இல்ல, கூட வாழுற ஆள, அத மனசுல வச்சு பேசுங்க. பாஸ்போர்ட் காப்பி, அட்மிஷன் லெட்டர், பிளாக்டு அக்கவுன்ட் சர்டிபிகேட் மூணையும் ஒரே பிடிஎஃப்பா ரெடியா வைங்க. ஷுஃபான்னு ஒண்ணு கேப்பாங்க, நம்ம சிபில் ஸ்கோர் மாதிரி. இப்பத்தான் நாட்டுக்கு வர்றேன், என்கிட்ட இன்னும் கிடையாதுன்னு நேரா சொல்லுங்க, தப்பில்ல.

வாடகை ரெண்டு விதமா எழுதிருப்பாங்க. கால்ட்னா வெறும் இடத்துக்கு, வார்ம்னா ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேத்து. வார்ம்ல கரன்ட்டும் இன்டர்நெட்டும் இருக்கான்னு தனியா கேளுங்க, பெரும்பாலும் இருக்காது. தனி வீடு எடுக்குறவங்க இன்னொண்ணும் கேக்கணும், கிச்சன் இருக்கான்னு. இங்க பல வீட்டுல பழைய ஆள் போறப்ப அடுப்பு, சிங்க், லைட் எல்லாத்தையும் கழட்டிட்டு போயிடுவாங்க, சுவத்துல பைப் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். அட்வான்ஸ் கால்ட் வாடகைல 3 மாசத்துக்கு மேல கேக்க சட்டத்துல இடமில்ல, அதையும் மூணு தவணையா குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஓனர் வச்ச புரோக்கருக்கு நீங்க கமிஷன் குடுக்க வேண்டியதில்ல, 2015ல இருந்து யார் வச்சாங்களோ அவங்கதான் கட்டணும்.

ஏமாத்து வேலைய பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா வருஷா வருஷம் யாராச்சும் ஒருத்தராவது பணத்த விடுறாங்க. கதை ஒரே கதைதான். சிட்டி நடுவுல அழகான வீடு, போட்டோ பளிச்னு, வாடகை பாதி. ஓனர் வேலை விஷயமா வேற நாட்டுல இருக்காராம், அதனால சாவிய கூரியர்ல அனுப்புவாராம், நீங்க அட்வான்ஸ மட்டும் இப்ப போடணுமாம். நம்பிக்கைக்கு அவரோட பாஸ்போர்ட் காப்பி கூட அனுப்புவாரு, அது வேற யாரோ ஏமாந்தவங்களோடது. வீட்ட நேர்ல இல்ல வீடியோ கால்லயாவது, ஜன்னல் வழியா தெரு தெரியுற மாதிரி பாக்காம, கான்ட்ராக்ட் கையெழுத்து ஆகாம ஒரு பைசா அனுப்பாதீங்க. அந்த ஊர்ல இருக்குற தமிழ் பசங்க யாரையாவது பிடிச்சு, போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னு கேளுங்க, தயங்காதீங்க, நாங்க எல்லாருமே அப்படி யாரோ ஒருத்தர் தயவுல வந்தவங்கதான்.

எல்லாத்த விடவும் முக்கியமான கேள்வி, "இந்த அட்ரஸ்ல ஆன்மெல்டுங் பண்ணலாமா?" இத எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. ஆன்மெல்டுங்னா அட்ரஸ் பதிவு, குடி வந்த 2 வாரத்துக்குள்ள பண்ணணும். நான் வந்தப்ப ஒருத்தர்கிட்ட உள்வாடகைக்கு ரூம் எடுத்தேன், விலை கம்மி, யூனிவர்சிட்டி பக்கம், வேற எதையும் கேக்கல. வந்தப்புறம் பாத்தா அவரு ஓனருக்கே தெரியாம விட்டிருக்காரு, கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. பதிவு இல்லாததால டாக்ஸ் நம்பர் வரல, பார்ட் டைம் வேலை தள்ளிப் போச்சு, ரெசிடன்ஸ் பெர்மிட் அப்பாயின்ட்மென்ட்டுக்கு போனா அட்ரஸ் பேப்பர் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. விசா முடிய 19 நாள் இருக்கும்போது வேற ரூம் கிடைச்சு பதிஞ்சேன். அந்த நாட்கள்ல ராத்திரி தூக்கமே கிடையாது, அம்மா போன் பண்ணா நல்லாருக்கேன்மான்னு சொல்லிட்டு வச்சிடுவேன். அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, தங்காத வீட்டு அட்ரஸ காசுக்கு பதிஞ்சு தரேன்னு சொல்ற ஆளுங்க. அந்தப் பக்கமே போகாதீங்க, அப்படி குடுக்குறவங்களுக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போட சட்டம் இருக்கு, பொய் அட்ரஸ்ல பதிஞ்ச உங்களுக்கும் சிக்கல்தான்.

இப்ப பேரு விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மன் அட்ரஸ்ல பொதுவா பிளாட் நம்பர் கிடையாது. தெரு, கதவு எண், அவ்வளவுதான், ஒரு பில்டிங்ல இருவது குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பெட்டில ஒட்டிருக்குற சர்நேம பாத்துதான் போடுவாரு. பேரு இல்லன்னா லெட்டர் திரும்பி போயிடும். டாக்ஸ் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு, பேங்க் கார்டு, ரெசிடன்ஸ் ஆபீஸ் கடுதாசி எல்லாமே தபால்லதான் வருது. அதனால சாவி வாங்குன அன்னைக்கே பாஸ்போர்ட்ல இருக்குற சர்நேம பெட்டிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டிடுங்க. வர்ற லெட்டர்ல ரேடியோ டிவி கட்டணம்னு ஒண்ணு வரும், வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, டிவி இல்லன்னாலும் கட்டணும், வேகேல ஒருத்தர் கட்டி மத்தவங்க பங்கு போட்டுக்கலாம். விளம்பரம்னு கிழிச்சு போட்டுடாதீங்க.

அட்ரஸ் பதிஞ்ச அதே வாரம் ரெசிடன்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணிடுங்க, பல ஊர்ல அப்பாயின்ட்மென்ட்டே மாசக்கணக்குல தள்ளி குடுக்குறாங்க. விசா முடியுறதுக்கு முன்னாடி அப்ளை பண்ணிட்டா முடிவு வர்ற வரைக்கும் நீங்க சட்டப்படி இருக்கலாம், அதுக்கு ஃபிக்ட்சியோன்ஸ் பெஷைனிகுங்னு ஒரு தாள் கேட்டு வாங்கிக்கோங்க. அப்ளை பண்ணதுக்கு ஆதாரமா இமெயில பிரின்ட் எடுத்து வைங்க.

வீட்டுக்குள்ள போனதும் பெட்டிய பிரிக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. சுவரு, தரை, அடுப்பு, ஜன்னல் ஓரம், ஒவ்வொரு கீறலும். யூபர்காபே புரோட்டோகால்னு ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், மீட்டர் ரீடிங்கும் அதுலயே. அது இல்லாம போனா முன்னாடி இருந்தவன் பண்ண கறைக்கும் உங்க அட்வான்ஸ்லதான் கை வைப்பாங்க. நம்ம சமையல்ல ஆவி ஜாஸ்தி, குளிர்காலத்துல ஜன்னல அடைச்சே வச்சிருந்தா சுவத்துல பூஞ்சை பிடிக்கும், துணியும் ரூம்லயே காயப்போட்டா கேக்கவே வேணாம். தினம் ரெண்டு மூணு தடவ ஜன்னல முழுசா திறந்து அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மூடுங்க, கொஞ்சமா சாய்ச்சு நாள் பூரா வச்சிருக்குறதுல பிரயோஜனம் இல்ல.

காலி பண்றப்ப சாதாரண கான்ட்ராக்ட்னா 3 மாச நோட்டீஸ். மாசத்தோட மூணாவது வேலை நாளுக்குள்ள ஓனர் கைக்கு போய் சேரணும், ஜனவரில அப்படி குடுத்தா மார்ச் கடைசில முடியும், ஒரு நாள் தள்ளிப் போனா ஏப்ரல் வாடகையும் உங்க தலைல. இமெயில்ல, வாட்ஸ்அப்ல சொன்னது செல்லாது, பேப்பர்ல பேனாவால கையெழுத்து போட்டு பதிவு தபால்ல அனுப்புங்க. ஹாஸ்டலுக்கு விதி வேற, அவங்க கான்ட்ராக்ட்ல பாத்துக்கோங்க. சாவி திருப்பி குடுக்குற அன்னைக்கு வந்தப்ப எடுத்த போட்டோவ போன்ல வச்சுக்கிட்டு கூடவே நடந்து பாருங்க, மறுபடி அதே தாள், அதே கையெழுத்து. அட்வான்ஸ் திரும்பி வர சில மாசம் ஆகும், அதுவரைக்கும் அந்த பேங்க் அக்கவுன்ட்ட மூடாதீங்க, புது ஊரு அட்ரஸயும் ஓனருக்கு எழுதி குடுத்துட்டு வாங்க. அங்க போனதும் மறுபடி ஆன்மெல்டுங்குக்கு 2 வாரக் கணக்கு தொடங்கிடும்.