கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இறங்கும் முன் கைப்பையைப் பாருங்கள்

ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து கிளம்புபவர்கள் சுவெட்டரைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். கட்டுநாயக்கவில் வியர்த்துக்கொட்டும், உண்மைதான். நடுச்சாமத்தில் விமானத்துக்குள் அதுதான் கைகொடுக்கும். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். உடுத்திக்கொண்டால் அந்தப் பாரமும் குறையும்.

அம்மா அரைத்துத் தந்த கட்டச்சம்பலும் அச்சாறும் திரவக் கணக்கில்தான் சேரும். போத்தல் 100 மில்லிலீட்டருக்கு மேல் என்றால், பாதிதான் இருந்தாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். தேயிலைப் பக்கற் கையில் வரலாம்.

பவர் பேங்க் மட்டும் பெட்டிக்குள் போகவே கூடாது; சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை.

பிரஷர், சீனி மாத்திரைகளை அட்டையோடும் டொக்டர் துண்டோடும் கைக்கெட்டும் பையில் வையுங்கள். பெட்டி பிந்தினாலும் வேளை தப்பாது. தண்ணீர் இல்லாத வெறும் போத்தல் ஒன்றும் வேண்டும், சோதனை தாண்டியபின் நிரப்ப.