ஒரே ஸ்பீக்கரில் கணினியும் கைபேசியும்

கல்லடியில் எங்கள் வீட்டுக் கணினி மேசையில் ஒரு சோடி ஸ்பீக்கர்தான் இருப்பதால், கணினியையும் கைபேசியையும் அதிலேயே சேர்த்துக் கேட்கும்படி இணைத்தேன். இரு கருவிகளையும் பிரிப்பு வயரால் (ஒரு முனை இரண்டாகக் கிளைக்கும் வயர்) நேரே இணைக்க வேண்டாம். ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குச் சுமையாகி, ஒலி நலிவதோடு கருவியும் பழுதடையக்கூடும். மூன்று பகுதிகளைக் கொண்ட 3.5 மில்லிமீற்றர் செருகியில் நுனி இடதுக்கும், வளையம் வலதுக்கும், அடிப்பகுதி பூமிக்கும் (இரு பக்கத்துக்கும் பொதுவான மின் இணைப்பு) உரியவை. ஒவ்வொரு கருவியின் இடது, வலது கம்பிகளிலும் 1 கிலோ ஓம் தடையி (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) ஒன்றை, ஆக நான்கைத் தொடராகப் பற்றவைத்து, மறுமுனைகளில் இடதை இடதோடும் வலதை வலதோடும் சேர்த்து, ஸ்பீக்கர் வயரைச் செருகும் சொக்கற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள்; பூமிக் கம்பிகளுக்குத் தடையி தேவையில்லை, நேரே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பற்றவைத்த முனைகளுக்குக் காப்பு நாடா சுற்றுவது மிக முக்கியம். இடது முனை பூமியில் பட்டாலே இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கைபேசி மின்னேறும்போது இரைச்சல் எழுந்தால், மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.